பெசாக் வீட்டில் முதல் வருடம்: எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது

இஸ்ரேலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து, மத ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கும் வீட்டில் அமர்ந்துவிட்டீர்கள் என்றால், பெசாக் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் பதற்றம் தெரியும். தமிழ் பைபிளில் பஸ்கா என்று படித்திருப்போமே, அதுதான். நிசான் மாதம் 14ஆம் நாள் பகலோடு தயாரிப்பு முடிந்து, அன்று இரவு செடெர் விருந்து. இஸ்ரேலுக்குள் பண்டிகை ஏழு நாள், வெளிநாட்டு யூதர்களுக்கு எட்டு நாள். 2027இல் செடெர் இரவு ஏப்ரல் 21.

நான் வேலை பார்த்தது இரண்டு வீடுகள். பெத்தா திக்வாவில் ஓர் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வீடு, ரமத் கானில் ஈராக்கிலிருந்து வந்த குடும்பம். அதன் பிறகு புதிதாக வந்த பெண்கள் பலருக்கு போனிலேயே வழி சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

1. துடைப்பத்தை எடுக்கும் முன் மூன்று கேள்வி

முதல் கேள்வி: இந்த வீட்டில் கித்னியோத் சாப்பிடுவார்களா? அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, சோளம், எள், கடுகு எல்லாம் சேர்ந்த வகைக்கு அந்தப் பெயர். அஷ்கெனாசிகள் பெசாக்கில் இவற்றைச் சாப்பிடுவதில்லை. செஃபார்தி (ஸ்பெயின் வழி வந்தவர்கள்), கிழக்கத்திய யூதர்களில் பலர் சாப்பிடுவார்கள். அவர்களிலும் மொரோக்கோக்காரர் பலர் அரிசியை மட்டும் தவிர்ப்பார்கள். உங்கள் ஏழு நாள் சாப்பாடு இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இரண்டாவது: சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? சவ்தா (பாட்டி) ஒன்று சொல்வார், மகள் வேறொன்று சொல்வார், மருமகள் வந்து மூன்றாவது சொல்வார். ஒருவரைக் குறித்துக்கொண்டு அவரிடம் மட்டும் கேளுங்கள். அவர் ரப்பியிடம் (யூத மதகுரு) கேட்டுச் சொல்வார்.

மூன்றாவது: என் அறையில் என் சாப்பாடு இருக்கலாமா? பெசாக்கில் விலக்கிய தானிய உணவுக்கு ஹமெட்ஸ் என்று பெயர். யூதரல்லாதவருக்குச் சொந்தமான ஹமெட்ஸுக்கு வீட்டார் பொறுப்பேற்காதவரை அதை அழிக்க வேண்டியதில்லை, மறைப்புக்கு அப்பால் தனியாக இருந்தால் போதும் என்பது சட்டம். ஆனால் சட்டம் இடம் கொடுத்தாலும் நிறைய வீடுகளில் மனசு இடம் கொடுக்காது. முன்பே பேசிவிடுங்கள்.

2. ஹமெட்ஸ் என்றால் 'புளித்தது' இல்லை

தமிழ் பைபிளில் 'புளிப்பில்லாத அப்பம்' என்று படித்து வளர்ந்ததால் நம்மவர்களுக்கு இதில் பெரிய குழப்பம். ஒரு பெண் இட்லி மாவு, தயிர், ஊறுகாய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, சப்பாத்தி மாவை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். சப்பாத்தியில் ஈஸ்ட் இல்லையே என்பது அவர் கணக்கு. எல்லாம் தலைகீழ்.

கோதுமை, பார்லி, ஸ்பெல்ட் கோதுமை, ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்கள்தான் ஹமெட்ஸ் ஆகும். இவற்றின் மாவில் தண்ணீர் பட்டு, பிசையாமல் 18 நிமிடம் கிடந்தால் அது ஹமெட்ஸ். ஈஸ்ட் போட்டோமா, உப்பியதா, புளித்ததா என்ற பேச்சே இல்லை. மட்ஸா என்ற தட்டை ரொட்டியும் கோதுமையில்தான் செய்கிறார்கள். ஆனால் தண்ணீர் பட்டதிலிருந்து அந்த 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிடுகிறார்கள்.

ஆக, இட்லி மாவு எவ்வளவு பொங்கினாலும் ஹமெட்ஸ் இல்லை, அது கித்னியோத். தயிர் இரண்டும் இல்லை. சப்பாத்தி, பூரி, ரவா உப்புமா, சேமியா பாயசம் எல்லாம் ஹமெட்ஸ். கித்னியோத் சாப்பிடாத வீட்டிலும் அது வீட்டில் இருப்பது தடையில்லை, சாப்பிடுவதுதான் இல்லை. ஹமெட்ஸ் அப்படி அல்ல. யூதருக்குச் சொந்தமாக அது இருக்கவே கூடாது, பார்வையில் படக் கூடாது என்று யாத்திராகமம் 12, 13ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. அவ்வளவு கெடுபிடி இதனால்தான்.

3. சொந்த அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டை ஒழிக்க ஆரம்பிக்கும் முன் ஊரிலிருந்து கொண்டுவந்த பையைத் திறங்கள். கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் சொல்லாமலே தெரியும். தெரியாமல் மாட்டிவிடுவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் படித்தால் தெரியும். முதல் வருடம் என் பெருங்காய டப்பாவை சவ்தாவின் மகள்தான் படித்துக் கண்டுபிடித்தார். அதற்குள் அதைப் போட்டு இரண்டு முறை ரசம் வைத்து, அதே கரண்டியைக் கழுவி உள்ளே அடுக்கியிருந்தேன்.

அடுத்தது ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானங்கள்; பார்லியும் கோதுமையும்தான் அதில் அடிப்படை. சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு. பெருங்காயம் சேர்த்த சாம்பார் பொடி, ரசப் பொடி, அப்பளம், கடை ஊறுகாய் ஒவ்வொன்றையும் திருப்பிப் படியுங்கள். சீரகம், வெந்தயத்தில் கோதுமை மணி கலந்திருக்கும் என்று ஈராக் வீட்டில் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள்.

எடுத்ததையெல்லாம் பண்டிகை முடியும்வரை மத ஒழுங்கு பார்க்காத இடத்தில் இருக்கும் தோழி வீட்டில் கொடுத்து வைப்பது நிம்மதி.

4. அறைகள்: உள்ளிருந்து சமையலறை நோக்கி

பூரிம் பண்டிகை முடிந்தால் பெசாக்குக்குச் சரியாக ஒரு மாதம். அன்றே ஆரம்பிப்பது வழக்கம். வரிசை முக்கியம்: சாப்பாடு அதிகம் போகாத படுக்கையறைகள் முதலில், அப்புறம் கூடம், சாப்பாட்டு மேசை, கடைசியில் சமையலறை. சமையலறையை முதலில் முடித்தால் மூன்று வாரம் எதைச் சாப்பிடுவது? முடித்த அறைக்குள் அதற்குப் பிறகு ரொட்டி போகக் கூடாது. கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள், பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

இங்கேதான் போகி புத்தி வேலை செய்யும். பழையதைக் கழித்து, ஒட்டடை அடித்து, ஜன்னல் கம்பி துடைத்து, திரைச்சீலை துவைத்து... இவையெல்லாம் செய்யலாம், சம்பளம் அதற்கும்தான். ஆனால் தூசி ஹமெட்ஸ் இல்லை. நீங்கள் தேடுவது தின்னக்கூடிய தானியத் துண்டு. முதுகு ஒடிய ஒட்டடை அடித்துவிட்டு, கோட்டுப் பாக்கெட்டில் கிடந்த பிஸ்கட்டை விட்டால் வேலை ஆகவில்லை என்று அர்த்தம்.

நம் வேலையில் யாரும் சொல்லித் தராத இடங்கள் சில உண்டு. சக்கர நாற்காலியின் இருக்கைக்கு அடியில், வாக்கரின் கூடையில், மருத்துவக் கட்டிலின் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில், மாத்திரை டப்பா வைக்கும் டிராயரில் முழு ரொட்டித் துண்டே எடுத்திருக்கிறேன். கைப்பை, பிரார்த்தனைப் புத்தகத்தின் மடிப்பு, சோபா இடுக்கு, கார். பல்செட் வைத்திருப்பவர் என்றால் அதையும் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சில வீடுகளில் சுடுநீர் ஊற்றச் சொல்வார்கள். வளைந்துபோகும் வகையா என்று பல் மருத்துவரிடம் கேட்காமல் ஊற்றாதீர்கள்.

மருந்து பற்றி ஒரே ஒரு விதி: நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. மாத்திரையில் கோதுமை மாவு இருக்குமோ என்று பயந்து ஒரு பெண் இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் கொடுக்காமல் விட்டார். விழுங்கும் மாத்திரைக்குப் பொதுவாகத் தடை இல்லை. சிரப், மென்று தின்னும் மாத்திரை, சத்துபானம் இவற்றின் பட்டியலை எழுதி இரண்டு வாரம் முன்பே குடும்பத்திடம் கொடுங்கள். அவர்கள் மருத்துவரையும் ரப்பியையும் கேட்டுச் சொல்லட்டும்.

5. சமையலறையை மாற்றும் நாள்

வசதியுள்ள வீடுகளில் பெசாக்குக்கென்றே தனிப் பாத்திரங்கள் மேல் அலமாரியில் பெட்டி கட்டி இருக்கும். இறைச்சிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட். வருடம் முழுவதும் புழங்கிய பாத்திரங்களைக் கழுவி உள்ளே வைத்து, அலமாரியைப் பூட்டி டேப் ஒட்டிவிடுவார்கள். தனி செட் இல்லாத பாத்திரங்களைத்தான் பக்குவப்படுத்த வேண்டும்.

அடிப்படை இதுதான்: ஹமெட்ஸ் எந்த வழியில் பாத்திரத்துக்குள் இறங்கியதோ அதே வழியில் வெளியே வரும். நீரில் வெந்ததற்குக் கொதிநீர். அதற்கு ஹகாலா என்று பெயர். நெருப்பில் நேராகச் சுட்டதற்கு நெருப்பு.

ஹகாலாவின் வரிசையை மாற்றினால் எல்லாம் வீண். முதலில் பாத்திரத்தைத் தேய்த்து, கரி, எண்ணெய்ப் பிசுக்கு, துரு எதுவும் இல்லாமல் செய்யுங்கள். பிறகு 24 மணி நேரம் சுடவைக்காமல் சும்மா விடுங்கள். அதன் பிறகே தளதளவென்று கொதிக்கும் நீரில் முழுவதும் மூழ்கும்படி இறக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலச வேண்டும். புதியவர்கள் தவறுவது அந்த 24 மணி நேரத்தில்தான். எல்லாம் தயாராக இருக்கும்போது, 'ஒரு டீ தானே' என்று அதே பாத்திரத்தில் பால் காய்ச்சிவிடுவார்கள். கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. பாத்திரத்தின் மேல் தேதியும் மணியும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பல ஊர்களில் பெசாக்குக்கு முந்தைய நாட்களில் தெருவில் பெரிய அண்டா வைத்துப் பொதுமக்களுக்கு ஹகாலா செய்து தருவார்கள். கொண்டு போவதற்கு முன் பாத்திரம் சுத்தமாக இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூச்சமாக இருக்கும்.

மண்பாண்டத்தைப் பக்குவப்படுத்த வழியே இல்லை. நான்ஸ்டிக் தோசைக்கல்லை நெருப்பில் காய்ச்சினால் பூச்சு போய்விடும், ஆகவே அதையும் கட்டி வைத்துவிடுவதே வழி. மாவு சலிக்கும் சல்லடையும் அப்படித்தான். கண்ணாடிக்கு செஃபார்திகள் கழுவினால் போதும் என்பார்கள், அஷ்கெனாசிகள் கூடுதல் கண்டிப்பு. எவர்சில்வர் சிங்க்குக்கும் சுத்தம், 24 மணி நேரம், கொதிநீர் என்ற அதே வரிசை. ஊற்றும்போது சிங்க் உலர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஈரமிருந்தால் நீர் பட்டவுடன் சூடு குறைந்துவிடுகிறது. மேடை, ஃபிரிட்ஜ் தட்டுகளுக்குப் பல வீடுகளில் ஃபாயிலோ பிளாஸ்டிக்கோ விரிப்பார்கள். ஃபிரிட்ஜில் காற்று போக ஓட்டை விடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே பால் திரியும். ஓவன் வீட்டுக்கு வீடு மாறுவதால் கேட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், அடுப்பை யார் பற்றவைப்பது? யூதரல்லாதவர் முழுக்க முழுக்கத் தானே சமைத்தது என்றால் பல வகை உணவு அவர்களுக்கு ஆகாது. இது வருடம் முழுவதற்கும் பொருந்தும். அஷ்கெனாசி வீட்டில் வீட்டார் ஒருவர் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். செஃபார்தி வீட்டில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதையும் அவர்களே செய்ய வேண்டும் என்பார்கள். சவ்தாவின் கையைப் பிடித்துத் திருகச் சொல்வது என் வழக்கம். அவருக்கும் அது பிடித்திருந்தது.

6. கடையில் ஒரு வரி கூடுதலாகப் படியுங்கள்

பொட்டலத்தில் 'கஷேர் லெபெசாக்' (பெசாக்குக்கு ஏற்றது) என்று ஹீப்ருவில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'லெஓஹ்லெய் கித்னியோத்' என்று இருந்தால், கித்னியோத் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று பொருள். அஷ்கெனாசி வீட்டுக்கு அது உதவாது. எண்ணெய், சாக்லேட், மயோனைஸ் எல்லாவற்றிலும் இந்த இரண்டாவது வரி ஒளிந்திருக்கும். ஹீப்ரு படிக்கத் தெரியவில்லை என்றால் அந்தச் சொற்களைப் போனில் படம் பிடித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈராக் வீட்டில் அரிசி உண்டு, ஆனால் முன்பே வாங்கி மூன்று முறை பொறுக்குவார்கள், ஒரு கோதுமை மணி கூட இருக்கக் கூடாது என்று. வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தால் ஊரில் முறத்தோடு உட்கார்ந்த ஞாபகம்தான். ஒரே பையை மூன்று தடவை பார்க்க வேண்டும், மூன்று பையை ஒவ்வொரு தடவை அல்ல. இதிலும் ஒருவர் தடுமாறியிருக்கிறார்.

7. விற்பதும் தேடுவதும்

தூக்கிப் போட மனமில்லாத ஹமெட்ஸை, விலை உயர்ந்த விஸ்கி மாதிரி, பூட்டிய அலமாரியில் வைத்து ரப்பி வழியாக யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். இது உண்மையான விற்பனை, ஒப்பந்தமும் உண்டு. இஸ்ரேல் அரசின் ஹமெட்ஸையே ஜெருசலேம் அருகே அபூ கோஷ் ஊரைச் சேர்ந்த ஓர் அரபுக்காரர் பல வருடங்களாக வாங்கி வருகிறார். நீங்களும் யூதரல்லாதவர்தானே என்று யாராவது விளையாட்டாக 'நீ வாங்கிக்கொள்ளேன்' என்றால் தலையாட்டிவிடாதீர்கள், ரப்பியிடமே போகட்டும். விற்ற அலமாரி பண்டிகை முடியும்வரை நமக்கும் அந்நியர் வீடு மாதிரி. சர்க்கரை எடுக்கவும் திறக்கக் கூடாது.

நிசான் 14 பிறக்கும் இரவு, அதாவது செடெருக்கு முந்தைய இரவு, இருட்டியவுடன் தேடுதல். விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி, இறகு, மரக்கரண்டியோடு வீடெங்கும் பார்ப்பார்கள். வீடு ஏற்கெனவே சுத்தமாகிவிட்டதால், தேடுவது வெறும் சடங்காகிவிடாமல் இருக்க பத்து ரொட்டித் துண்டுகளை முன்பே அங்கங்கே வைத்துவிடுவது வழக்கம்.

இந்தப் பத்துத் துண்டை வைத்தே எனக்கு வருடத்துக்கு ஒரு அழுகுரல் போன் வரும். மகன் மாலையில் வந்து வைத்துவிட்டுப் போவார். நம் பெண், 'ஐயோ, இவ்வளவு துடைத்தும் ரொட்டி கிடக்கிறதே' என்று நான்கைந்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவாள். இரவில் ஆறுதான் கிடைக்கும். பாக்கி நான்கு எங்கே என்று நள்ளிரவு வரை வீடே கவிழும். ஆகவே மூன்று காரியம். வைத்த இடங்களை எழுதித் தரச் சொல்லுங்கள். துண்டு சிறியதாக, உதிராமல், காகிதத்தில் சுற்றியிருக்கட்டும். ஃபாயில் மறுநாள் எரியாது. வைத்த நேரத்திலிருந்து தேடி முடியும்வரை துடைப்பத்தைத் தொடாதீர்கள்.

தேடுகிறவர் ஆசீர்வாதம் சொன்ன பிறகு தேடத் தொடங்கும்வரை பேச மாட்டார். அந்த நேரம் பார்த்து 'சாப்பாடு எடுத்து வைக்கவா' என்று கேட்காதீர்கள். முடிந்ததும் கண்ணில் படாமல் போன ஹமெட்ஸ் மண் தூளுக்குச் சமம் என்று அராமிய மொழியில் ஒரு வாசகம் சொல்வார்.

நிசான் 14 ஓய்வுநாளான சனிக்கிழமையில் விழுந்தால் தேடுதல் வியாழன் இரவுக்கும் எரிப்பது வெள்ளிக்கும் முன்தள்ளிப் போகும். 2025இல் அப்படி வந்தது, அடுத்தது 2045இல்தான்.

8. 14ஆம் நாள் காலை: கடிகாரத்தோடு ஓட்டம்

அன்று இரண்டு கெடு. பகலைப் பன்னிரண்டாகப் பிரித்து, நான்காவது பங்கு முடிவதற்குள் ஹமெட்ஸ் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஐந்தாவது பங்கு முடிவதற்குள் மிச்சத்தை எரிக்க வேண்டும். கோடைநேரக் கணக்கில் முதலாவது காலை பத்து, பத்தரை வாக்கிலும், இரண்டாவது பதினொன்றரை வாக்கிலும் வரும். நிமிடக் கணக்கு ஊருக்கும் வருடத்துக்கும் மாறும், அந்த வருட நாட்காட்டியைப் பாருங்கள்.

சவ்தா வழக்கமாக ஒன்பதரைக்கு எழுகிறவர் என்றால் அன்று சீக்கிரம் எழுப்ப வேண்டும். கெடு தாண்டினால் ரொட்டி கிடையாது. மட்ஸா கொடுக்கலாமே என்று தோன்றும், அதுவும் கூடாது. மட்ஸாவை இரவில் பசியோடு முதன்முதலாகச் சாப்பிட வேண்டும் என்பதால் அன்று பகலில் அதற்குத் தடை. உருளைக்கிழங்கு, முட்டை, பழம் வைத்து சமாளியுங்கள். தலைப்பிள்ளையான ஆண்களுக்கு அன்று உபவாசம். காலையில் ஜெப ஆலயத்தில் ஒரு வேதப்பாடம் முடிக்கும் விருந்தில் கலந்துகொண்டு அதிலிருந்து விலக்குப் பெறுவார்கள். முதியவர் தலைப்பிள்ளை என்றால் முந்தைய நாளே குடும்பத்திடம் கேளுங்கள்.

மதியம் முதியவரைத் தூங்க வையுங்கள். இரவு பன்னிரண்டைத் தாண்டும்.

9. செடெர் மேசை

மாலையில் நடக்கிற காரியத்தை மாலையில் செய்யக் கூடாது என்பதுதான் இங்கே விதி. சூரியன் சாய்வதற்குள் கீழ்க்கண்ட எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

லெட்டூஸ் கீரையை ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஊறவைத்து, அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி தின்பது பன்றி தின்பதைப் போலவே தடை. பூச்சியில்லாமல் வளர்த்த கீரை என்று தனியாக விற்கிறது, வாங்கினால் பாதி வேலை மிச்சம். முள்ளங்கி மாதிரி காரமான ஹ்ரேன் கிழங்கைத் துருவுவதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெங்காயம் அதன் முன் குழந்தை. உப்புநீரும் இப்போதே.

தட்டில் ஆறு பொருள்: சுட்ட எலும்பு, சுட்ட முட்டை, கசப்புக் கீரை, அதன் இரண்டாவது பங்கு, ஹரோசெத், தொட்டுத் தின்னும் காய். ஹரோசெத் செங்கல் பூசிய சாந்தைக் குறிக்கும் இனிப்புக் கலவை. அஷ்கெனாசி வீட்டில் ஆப்பிள், வால்நட், பட்டை, ஒயின். ஈராக் வீட்டில் பேரீச்சம் பாகில் வால்நட் தூவினால் ஆயிற்று. எந்த இடத்தில் எது என்பது குடும்ப வழக்கம், போன வருடப் படம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எலும்பு பார்ப்பதற்கு மட்டும், பரிமாற அல்ல. ஒருத்தி அதைக் குழம்பில் போட்டுச் சுடவைத்துக் கொடுத்தாள்.

பக்கத்தில் மூன்று மட்ஸா துணியில் மூடி. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 86 மில்லி பிடிக்கும் கோப்பை. நான்கு முறை நிரப்பப்படும். முதியவருக்குத் திராட்சைச் சாறு கொடுப்பதானால் சர்க்கரை அளவைப் பற்றி முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மட்ஸா காய்ந்து பொறுக்காக இருக்கும், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அபாயம். தண்ணீரில் நனைத்துக் கொடுக்க முதியோருக்கு அனுமதி உண்டு. ஆனால் ஹசிதிய (தீவிர பக்தி மரபு) வீடுகளில் மட்ஸாவில் நீர் படவே விடமாட்டார்கள், ஆகவே இதையும் குடும்பம் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். சாய்ந்து குடிப்பதற்கு இடது பக்கம் தலையணை.

10. செடெர் இரவில் கையைக் கட்டிக்கொள்ளும் இடங்கள்

பதினைந்து படிகள். முதல் கோப்பை, கை கழுவுதல், காயை உப்புநீரில் தொடுதல், நடு மட்ஸாவை உடைத்தல் என்று போய், எகிப்திலிருந்து வெளியேறிய கதை நீளமாக வரும். சாப்பாடு பதினோராவது படிதான். முதல் முறை கை கழுவியதும் சோற்றை எடுத்துவந்து நிற்காதீர்கள். இரண்டாவது முறை கழுவுவார்கள், அதன் பின் மட்ஸா, கசப்பு, இரண்டையும் சேர்த்துக் கடிப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

ஒயின் பாட்டிலைத் தொடும் முன் நில்லுங்கள். திறந்த பாட்டிலிலிருந்து யூதரல்லாதவர் ஊற்றினால் அந்த ஒயினை அவர்கள் குடிக்க முடியாது. பாட்டிலில் 'மெவுஷால்', அதாவது காய்ச்சியது, என்று இருந்தால் தடையில்லை. சந்தேகம் என்றால் ஊற்றுவதை அவர்களிடமே விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாசத்தோடு எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, பிறகு அந்த மேசையில் விழுந்த மௌனத்தை ஒரு பெண் எனக்கு விவரித்திருக்கிறாள்.

உடைத்த மட்ஸாவின் பெரிய பாதி அஃபிகோமான். துணியில் சுற்றி ஒளித்துவைப்பார்கள், பிள்ளைகள் திருடிக்கொண்டு பரிசு பேரம் பேசுவார்கள். சாப்பாட்டின் கடைசிக் கவளம் அதுதான், நள்ளிரவுக்கு முன் சாப்பிட வேண்டும். சோபாவில் கசங்கிய துணியில் உடைந்த மட்ஸா கிடந்தால் அது குப்பை இல்லை. நடுவில் நிரப்பி வைத்திருக்கும் பெரிய கோப்பை எலியா தீர்க்கதரிசிக்கு. யாரும் குடிக்கவில்லையே என்று எடுத்துக் கொட்டிவிடாதீர்கள். அவருக்காக வாசல் கதவையும் திறப்பார்கள், காற்று வருகிறது என்று போய் மூடாதீர்கள்.

11. விளக்கு, நெருப்பு, அவசரம்

முதல் நாளும் ஏழாம் நாளும் முழுப் பண்டிகை. ஏற்கெனவே எரியும் நெருப்பில் சமைக்கலாம், புதிதாகப் பற்றவைக்கக் கூடாது, மின்விசையைத் தொடக் கூடாது. சனிக்கிழமையும் சேர்ந்தால் சமையலும் இல்லை. ஃபிரிட்ஜ் விளக்கை முன்பே கழற்றி, டைமர் வைத்து, நீண்ட நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுங்கள்.

நமக்குக் கை பரபரக்கும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் கரண்ட் வீண் என்று அணைத்து அணைத்தே வளர்ந்தவர்கள். செடெர் நடுவில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டால், திரும்பப் போடு என்று அவர்களால் நேராகச் சொல்ல முடியாது. தனக்காக வேலை செய்யும்படி யூதரல்லாதவரிடம் சொல்வதும் பொதுவாகத் தடை. 'இருட்டாக இருக்கிறதே' என்று மட்டும் யாராவது சொல்வார்கள், அதைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் அறை விளக்கு உங்கள் விருப்பம்.

நோயாளிக்கு வேண்டியதில் இந்தக் கட்டுப்பாடு தளரும். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் பண்டிகையும் குறுக்கே வராது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸுக்கு 101ஐ அழைத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

12. நடு நாட்கள், அதன் பிறகு

நடுவில் உள்ள ஐந்து நாட்களில் சமைக்கலாம், வெளியே போகலாம். ஹமெட்ஸ் மட்டும் இல்லை. கடைகளில் ரொட்டி, பிஸ்கட் அலமாரிகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடியிருப்பார்கள். பூங்காவில் நீங்கள் ரொட்டி தின்றால் உடையைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் வாருங்கள்.

மட்ஸா மலச்சிக்கலுக்குப் பேர்போனது. இரண்டாம் நாளிலிருந்தே காய்ந்த பிளம், வேகவைத்த காய், தண்ணீர் கூடுதலாகக் கொடுங்கள். ஐந்தாம் நாள் ஆரம்பித்தால் தாமதம்.

ஏழாம் நாள் இருட்டியதும் பெசாக் முடிகிறது. மொரோக்கோ வீடுகளில் அன்றிரவே மிமூனா விருந்து, மாவு பிசைந்து முஃப்லேத்தா என்ற மெல்லிய ரொட்டி சுடுவார்கள். உங்கள் வீட்டில் டேப் ஒட்டிய அலமாரியை உடனே திறக்காதீர்கள். விற்றதை ரப்பி திரும்ப வாங்க ஒரு மணி நேரமாவது ஆகும், வீட்டார் சொன்ன பிறகு திறங்கள். அதற்குள் பெசாக் பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, பெட்டிக்குள் அடுக்கிவிடுங்கள். வழக்கமான பாத்திரங்கள் வெளியே வந்த பிறகு ஒரு கரண்டி கலந்தாலும் அடுத்த வருடம் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது சந்தேகம் வரும். பெட்டியின் மேல் இறைச்சி, பால் என்று எழுதுங்கள். செடெர் தட்டு அடுக்கிய படத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள்; அடுத்த வருடம் அங்கே நிற்பது வேறொரு பெண்ணாக இருக்கலாம்.